ஐப்பசி முதல் தை வரை செம்மறி: மேய்ச்சலா, அரை மேய்ச்சலா, கொட்டிலா?

30 பெட்டைகளும் ஒரு கிடாயும் வைத்திருப்பவர், வரப்போகும் மழையையும் பனியையும் மந்தை எப்படித் தாண்டும் என்பதை ஆவணி முடிவதற்குள் தீர்மானித்துவிட வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு யோசித்தால் காய்ந்த கடலைக்கொடியும் கிடைக்காது, கொட்டகைத் தரையை உயர்த்தவும் முடியாது. கையில் உள்ள வழிகள் மூன்று. வழக்கம்போல் நாள் முழுக்க மேய்க்கலாம். வெயில் ஏறிய பிறகு சில மணி நேரம் மட்டும் மேய்த்து, மீதித் தீனியைக் கொட்டகையில் கொடுக்கலாம். வெளியே விடாமல் முழுக்கக் கொட்டிலிலேயே வைத்துக்கொள்ளலாம். நான்காவதாக ஒன்று உண்டு, தலைகளைக் குறைப்பது. அதைப் பெரும்பாலோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கீழே வரும் கணக்குகள் மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு, இராமநாதபுரம் வெள்ளை போன்ற, ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள பெட்டைகளுக்கானவை. இவை மூன்றும் கம்பளி இல்லாத, முடி இன ஆடுகள். நனைந்தால் ஈரம் நேராகத் தோல்வரை இறங்கும். கம்பளி உள்ள கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சி கருப்பு, நீலகிரி இனங்களுக்கு ஈரம் இறங்கத் தாமதமாகும். ஆனால் இறங்கினால் உலரவும் நாளாகும். அவற்றுக்கு மழைக்குச் சற்று முன்பு கம்பளி வெட்டக் கூடாது.

பச்சை தெரியும், பசி தெரியாது

மழைக்காலத்தில்தான் எங்கும் புல். பிறகு ஏன் ஆடு இளைக்கிறது? 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ உலர்பொருள் வேண்டும், அதாவது தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் தீனி. கார்த்திகையில் முளைத்த இளம்புல்லில் 100 கிலோவுக்கு 15 கிலோதான் உலர்பொருள். மீதி 85 கிலோவும் தண்ணீர். அப்படியானால் 1 கிலோ உலர்பொருளுக்கு ஆடு ஆறரைக் கிலோ புல்லை மேய வேண்டும். மழை பெய்யும்போது செம்மறி மேயாது. முதுகைக் காற்றுக்குக் கொடுத்துத் தலையைக் கவிழ்த்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நாளில் நான்கைந்து மணி நேரம்தான் வாய் ஓடும். அதற்குள் 4 கிலோ மேய்ந்தால் பெரிது. 4 கிலோ ஈரப்புல் என்பது 600 கிராம் உலர்பொருள். வயிறு உப்பித் தெரியும். தினமும் 400 கிராம் பாக்கி விழும்.

அந்தப் பாக்கிதான் இந்த நான்கு மாதத்தின் முழுக் கணக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும், இந்த 400 கிராமை எங்கிருந்து கொண்டுவருகிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே ஒப்பிட வேண்டியது. நோய்களும் பெரும்பாலும் இதன் வால் பிடித்தே வருகின்றன.

நாள் முழுக்க மேய்ச்சல்

இது எங்கே சரிவரும் என்பதை மண் சொல்லிவிடும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. கிளுவை வேலி போட்ட தனித்தனிக் காடுகள், சரளை கலந்த செம்மண், மழை நின்ற ஒரு மணி நேரத்தில் காலில் சேறு ஒட்டாத தரை, ஐப்பசி மழைக்குத் தழைக்கும் கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல மரங்கள். கொழுக்கட்டைப்புல் தூர் கட்டி வளர்வதால் ஆடு தரையை ஒட்டிக் கடிப்பதில்லை, புழுத்தொல்லை குறைகிறது. மூன்று காடுகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே வந்தால், சினை முற்றிய ஆடுகளையும் பால் கொடுக்கும் ஆடுகளையும் தவிர மற்றவற்றுக்குக் கைத்தீனி மிகக் குறைவாகவே தேவைப்படும்.

கரிசலில் கதை வேறு. ஈரக் கரிசல் குளம்பின் இரு பிளவுக்கும் நடுவே அப்பி, இறுகி, அங்குள்ள மெல்லிய தோலை அறுக்கிறது. அந்தப் புண் வழியே கிருமி நுழைந்து குளம்பு அழுகத் தொடங்கும். முதலில் ஓர் ஆடு முன்னங்கால் முட்டியை ஊன்றி மேயும்; குளம்பைத் தூக்கி மோந்தால் அழுகிய வாடை அடிக்கும். அடுத்த பத்து நாளில் மந்தையில் பாதி நொண்டும். நொண்டும் ஆடு மேயாது, மேயாத ஆட்டுக்குப் பால் ஊறாது.

சமவெளிகளில் இன்னொரு சிக்கல்: இந்த மாதங்களில் நிலமெல்லாம் பயிர். மந்தைக்கு மிஞ்சுவது சாலையோரம், குளக்கரை, புறம்போக்கு, வரப்பு. அதே வரப்பில்தான் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அதே வயலில்தான் யூரியா போட்டுத் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடு நடுங்கி, வயிறு ஊதி, மணிக்கணக்கில் சாகும். குளக்கரைத் தாழ்வுகளில் நத்தை இருக்கும். நத்தை இருக்கும் இடத்தில் ஈரல் தட்டைப்புழு வரும். இராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் (மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டிடையர்கள்) தஞ்சைப் பக்கம் கிடை போடப் போவது அறுவடைக்குப் பின்தான், நடவு தொடங்குவதற்குள் திரும்பிவிடுகிறார்கள் என்பதை இத்துடன் சேர்த்து யோசித்தால் காரணம் விளங்கும்.

ஆகச் செம்மண், சரளை, மாற்றி மேய்க்க இரண்டு மூன்று காடு, ராத்திரி அடைக்க மேடான பட்டி. இவை நான்கும் இருந்தால் முழு மேய்ச்சலை விட வேண்டியதில்லை. ஒன்று குறைந்தாலும் அடுத்த வழியைப் பார்ப்பது நல்லது.

அரை மேய்ச்சல்

பெரும்பாலான மந்தைகளுக்கு, குறிப்பாக 20 முதல் 60 ஆடு வைத்திருப்பவர்களுக்கு, இதைத்தான் பரிந்துரைக்க முடியும். செலவு நடுத்தரம், ஆனால் நேரம் தவறக் கூடாது. தவறினால் முழு மேய்ச்சலின் நோய்களும் வரும், கொட்டில் தீனியின் செலவும் வரும்.

காலை 8 மணிக்கு ஆடொன்றுக்கு 250 முதல் 300 கிராம் உலர்தீனி. பனியும் ஈரமும் காய்ந்த பிறகு, பத்து, பத்தரைக்குத் திறந்துவிடுவது. மாலை நாலரைக்கு அடைப்பது. அடைத்தபின் இன்னொரு 200 கிராம் உலர்தீனி, தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் அடர்தீவனம், அதாவது தானியம், பிண்ணாக்கு, தவிட்டுக் கலவை. அடைமழை நாளில் வெளியே விடாமல் உலர்தீனியை 700, 800 கிராமாக உயர்த்தி, கூடவே வேம்பு, அகத்தி, கிளைரிசிடியா, ஆலந்தழையை வாய்க்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். சூபாபுல் தழை பச்சைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதிலுள்ள மைமோசின் முடியை உதிர்க்கும்.

காலைத் தீனி ஏன் திறப்பதற்கு முன்பே? ராத்திரி முழுக்க வெறும் வயிற்றோடு நின்ற ஆட்டைத் திறந்தால், முதலில் கண்ணில் படும் இளந்தளிரை அடிவரை கடித்து விழுங்கும். குடற்புழுவின் இளம்புழுக்கள் புல்லிலுள்ள ஈரத்தில்தான் ஏறி இறங்குகின்றன; பெரும்பகுதி அடிப்புறத்து இரண்டு அங்குலத்துக்குள்ளேயே இருக்கும். ஈரம் காய்ந்த பின், பாதி வயிறு நிறைந்த ஆடு மேல்நுனியை மேய்ந்து நகர்ந்து போகும். உலர்தீனி மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் வயிற்றில் அமிலம் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. துள்ளுமாரி நோய்க்கும் இதே தொடர்பு உண்டு. திடீரென்று நிறைய இளம்புல்லோ தானியமோ உள்ளே போனால் குடலிலுள்ள கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. மந்தையிலேயே கொழுத்த, நன்றாகத் தின்னும் குட்டிதான் முதலில் விழும். முந்தின நாள் மாலை துள்ளிக்கொண்டிருந்த குட்டி காலையில் தலையைப் பின்னால் வளைத்துக் கிடந்தால் சந்தேகம் இதன்மேல்தான் போக வேண்டும்.

30 ஆட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ உலர்தீனி, 120 நாளுக்கு 1,800 கிலோ. அடைமழை நாட்களின் கூடுதலும் சேதாரமும் சேர்த்து 2 டன்னுக்கு மேல் சேர்த்துவைத்திருந்தால் நிம்மதி. தீனித்தொட்டி ஆட்டுக்கு ஓரடிக்குக் குறையக் கூடாது. இருபக்கமும் நின்று தின்னும் தொட்டியானால் 15 முதல் 18 அடி நீளம். தொட்டி சிறுத்தால் வலுத்தவை இரட்டிப்பாகத் தின்னும், நலிந்தவை தின்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பும். இளைத்த ஆடு நோயால் இளைத்ததா, தொட்டி போதாமல் இளைத்ததா என்பதை அடுத்த வேளை தொட்டிப் பக்கம் கால் மணி நேரம் நின்றாலே கண்டுகொள்ளலாம்.

முழுக் கொட்டில்

30 பெட்டைக்கு நாளைக்கு 90 கிலோ பசுந்தீவனம், 12 கிலோ உலர்தீனி, ஆடொன்றுக்கு 100 முதல் 150 கிராம் அடர்தீவனம். பசுந்தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் புல், ஒரு பங்கு வேலிமசால் என்று வைத்துக்கொண்டால், பாசனமுள்ள அரை ஏக்கர் வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெயில் காலத்தில் 45 நாளில் வெட்டுக்கு வந்த நேப்பியர் மார்கழிக் குளிரில் 55, 60 நாள் எடுக்கும். சித்திரை மகசூலை வைத்து மந்தையின் அளவைத் தீர்மானித்தவருக்கு மார்கழியில் பத்து நாள் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு உலர்தீனியோ, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த ஊறுகாய்ப்புல்லோ கையில் இருக்க வேண்டும்.

மழையில் வெட்டிய புல்லை அப்படியே போடாமல், கூரைக்குள் மெல்லிசாகப் பரப்பி நான்கைந்து மணி நேரம் வாடவிட்டு நறுக்கிப் போடலாம். குவித்துவைத்தால் உள்ளே சூடேறிக் கெடும், நைட்ரைட் நஞ்சும் கூடும்.

தரைதான் இந்த வழியின் உயிர்நாடி. பெட்டைக்கு 12 சதுர அடி, குட்டிக்கு 5, கிடாய்க்கு 30 முதல் 35 சதுர அடி. 25 குட்டியையும் சேர்த்தால் 500 சதுர அடிக்கு மேல். மண் தரை என்றால் சுற்றுத் தரையைவிட ஓரடி உயர்த்திச் சரளை கொட்டி, நீர் வழிந்தோடச் சரிவு கொடுத்து, தாழ்வாரத்தை மூன்றடி நீட்ட வேண்டும். வாரம் இருமுறை சுண்ணாம்புத் தூள், தினமும் கூட்டல். பரண் போட்டால் இந்த வேலை குறையும். புழுக்கையும் மூத்திரமும் கீழே போய்விடும், குளம்பு உலர்ந்தே இருக்கும். பலகை இடைவெளி அரை அங்குலம். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் சிக்கி ஒடியும். குறைந்தால் புழுக்கை அடைத்துக்கொண்டு பரணும் மண் தரையாகிவிடும்.

ஆனால் மார்கழியில் பரணுக்கு ஒரு குறை உண்டு. வாடைக்காற்று அடியில் புகுந்து பலகை இடைவெளி வழியே மேலேறும். பெரிய ஆட்டுக்கு அது பொருட்டில்லை. பிறந்து இரண்டு வாரமாகாத குட்டிக்கு அதுவே சளியாகி நிமோனியாவாகும். பரணின் அடிப்பக்கம் வடக்கிலும் கிழக்கிலும் சாக்குப் படுதா, குட்டிகள் படுக்கும் மூலையில் சாக்கும் வைக்கோலும். மேலே கூரையை ஒட்டி ஒன்றரை அடி திறந்தே இருக்கட்டும். குளிருக்குப் பயந்து நாலாபக்கமும் தார்ப்பாயால் மூடுவது குளிரைவிடக் கெடுதல். மூத்திரத்தின் அமோனியா உள்ளேயே தங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். விடியற்காலையில் உள்ளே போய்க் குட்டியின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தால் தெரியும். நம் கண் எரிந்தால் குட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

கொட்டிலில் குடற்புழு குறையும், குளம்பழுகல் குறையும், நீலநாக்கு நோயைப் பரப்பும் சிறு பூச்சிகளின் கடியும் ஓரளவு குறையும். ஈரத்தில் நெருக்கி அடைத்த குட்டிகளுக்கு இரத்தக்கழிச்சல் கூடும். மேய்ந்து பழகிய மந்தையை ஒரே நாளில் கட்டிப்போட்டால் நான்கு நாள் கத்தும், தொட்டியில் வாய் வைக்காது. புரட்டாசியிலேயே தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில் மேய்ச்சல் நேரத்தைக் குறைத்துக் கொண்டுவர வேண்டும்.

100 ஆட்டுக்கு மேல் வைத்து, கிடாய்க்குட்டியைக் கொழுக்கவைத்து எடைக்கு விற்பவருக்கும், சுற்றிலும் நன்செய் மட்டுமே உள்ளவருக்கும் இந்த வழி பொருந்தும். 30 பெட்டைகளுக்காக, நான்கு மாதத்துக்காக மட்டும் புதிதாகப் பரண் கட்டுவது பணத்தை மழையில் விடுவதுதான்.

உலர்தீனியில் எது?

கடலைக்கொடிக்கு இணை இல்லை. புரதம் 8 முதல் 12 சதம்வரை இருக்கும். சோளத்தட்டில் அதில் பாதிதான், வைக்கோலில் இன்னும் குறைவு. சினையோ பாலோ இல்லாமல் சும்மா நிற்கும் பெட்டைக்கு நல்ல கடலைக்கொடி கொடுத்தால் அடர்தீவனமே வேண்டாம். நல்ல விளைச்சலில் ஏக்கருக்கு 1 டன்வரை கொடி கிடைக்கும் என்பதால் 30 ஆட்டுக்கு இரண்டு ஏக்கர் கொடி. சிக்கல், அறுவடை விழும் நேரத்தில். ஆடிப்பட்டக் கடலை பிடுங்கும்போதே மழை எட்டிப்பார்க்கும். நனைந்து காய்ந்த கொடியில் இலை உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சும். புரதம் இலையோடு போய்விடும். அதைவிட மோசம் பூஞ்சணம். கறுத்து, தட்டினால் தூசி பறந்து, மக்கிய வாடை அடிக்கும் கொடியைச் சினை ஆட்டுக்குப் போடவே கூடாது. ஈரல் கெடும், குட்டி வீசும். வாங்கும்போது ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்க்கலாம். சடசடவென்று ஒடிந்தால் போர் போடலாம். துவண்டு வளைந்தால் இன்னும் இரண்டு வெயில் தேவை. வேரிலுள்ள மண்ணை உதறாமல் போட்டால் அந்த மணல் வயிற்றில் தங்கும்.

சோளத்தட்டு எளிதில் கெடாது, அதுவே அதன் பெரிய பலம். ஆனால் இந்த வருடத்துத் தட்டு அறுவடையாவது பெரும்பாலும் மார்கழி, தையில். ஐப்பசியில் போடப் போவது போன வருடத்துப் போர். முழுத்தட்டாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும், மூன்றில் ஒரு பங்கு வீண். ஓரங்குலத்துக்கு நறுக்கினால் சேதாரம் வெகுவாகக் குறையும். தட்டுத் தின்னும் பெட்டைக்கு 100, 150 கிராம் அடர்தீவனமோ ஒரு கட்டு வேலிமசாலோ சேர்த்தாக வேண்டும். பச்சைச் சோளத்தை மட்டும் பூக்கும் முன் மேயவிடக் கூடாது. அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பும், வாடி மீண்ட இளஞ்சோளமும் சயனைடு நஞ்சு. மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிடும்.

வைக்கோல் மலிவு, அவ்வளவுதான். அதை மட்டும் தின்று செம்மறி தன் எடையைக்கூடக் காப்பாற்றாது. வேறு கதியில்லை என்றால் யூரியாப் பதம் செய்யலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைப்பது. எடுத்தபின் ஒரு மணி நேரம் ஆறவிட்டே போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. மழை ஒழுகும் கொட்டகையில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ், இப்போது கட்டுகளாகவே விலைக்கு வருகிறது. சொந்தமாகப் போடுவதானால் மக்காச்சோளத்தைக் கதிர் பால் இறுகும் பருவத்தில் வெட்டி நறுக்க வேண்டும். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் சாறு சொட்டக் கூடாது, கையைத் திறந்தால் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். மிதித்துக் காற்றை வெளியேற்றி 45 நாள் மூடினால் புளித்த மணத்தோடு மஞ்சள் பச்சை நிறத்தில் வரும். பெட்டைக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ; 30 ஆட்டுக்கு நாளைக்கு 45 கிலோவரை. எனவே 50 கிலோ மூட்டைகளாக இருந்தால் திறந்த மூட்டை அன்றே தீரும். பெரிய கட்டை வாங்கிப் பாதி திறந்துவைத்தால் ஓரத்தில் பூஞ்சணம் கட்டும். அதைத் தின்ற ஆட்டை லிஸ்டீரியா என்ற கிருமி தாக்கி, ஒரு காது தொங்கி, வட்டமடித்துச் சுற்றும். சினை ஆடு குட்டி வீசும். 15 ஆட்டுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு ஊறுகாய்ப்புல் தேவையில்லாத தலைவலி.

போர் எதுவானாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கல்லோ பனங்கட்டையோ அடுக்கி அதன்மேல். பிண்ணாக்கு, தவிடு, தானியத்தை 15 நாளுக்கு மேல் தாங்கும்படி வாங்கிக் குவிக்க வேண்டாம். ஈரக்காற்றில் கடலைப்பிண்ணாக்கு வெகு சீக்கிரம் பூக்கும்.

அடர்தீவனம் வீட்டிலேயே கலப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 40, கடலைப்பிண்ணாக்கு 20, தவிடு 37, தாது உப்பு 2, சாதா உப்பு 1. தாது உப்பு செம்மறிக்கென்று உள்ளதாக இருக்கட்டும். மாட்டுக்குரியதில் தாமிரம் கூடுதல். மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் தாங்கும் அளவைச் செம்மறியின் ஈரல் தாங்காது, மெல்லச் சேர்ந்து ஒருநாள் மொத்தமாகக் கொல்லும். புதிதாகத் தொடங்கும்போது 50 கிராமில் தொடங்கி மூன்று நாளுக்கொரு முறை 50 கிராம் ஏற்றுவது. யாருக்கு எவ்வளவு என்றால், சினையின் கடைசி ஆறு வாரம் 200 முதல் 250 கிராம், ஏனெனில் கருவின் வளர்ச்சியில் பெரும்பகுதி அப்போதுதான். பால் கொடுக்கும் ஆட்டுக்கு 250 முதல் 300. ஒரு மாதக் குட்டிக்கு 50இல் தொடங்கலாம். சும்மா நிற்கும் பெட்டைக்கும், சேர்க்கை இல்லாத கிடாய்க்கும் முதுகெலும்பு கைக்குக் கூர்மையாகத் தட்டினால் மட்டும். எல்லாவற்றுக்கும் சமமாகப் போடுவது சுலபம், ஆனால் பாதி வீண்.

குட்டி எந்த மாதத்தில்?

சினைக்காலம் ஐந்து மாதம். சித்திரையில் கிடாயைச் சேர்த்தால் புரட்டாசியில் குட்டி. கார்த்திகை அடைமழைக்குள் குட்டி இரண்டு மாதமாகித் தேறியிருக்கும். ஆனால் கோடையில் இளைத்த பெட்டைகள் சரியாகப் பருவத்துக்கு வராது. சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தினம் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்துத் தேற்ற வேண்டும். ஆடி, ஆவணியில் சேர்த்தால் மார்கழி, தையில் குட்டி. மழை ஓய்ந்திருக்கும், புல் முற்றிச் சத்தேறியிருக்கும், தாய்க்குப் பால் ஊறும். ராத்திரிக் குளிரை மட்டும் சமாளித்தால் போதும். ஆனால் சினையின் கனத்த மாதம் கார்த்திகையில் விழுவதால், உலர்தீனி இருப்பில்லாதவர் இதைத் தேர்ந்தால் ஒன்றரைக் கிலோக் குட்டிகள்தான் பிறக்கும். ஆனியில் சேர்த்துக் கார்த்திகையில் குட்டி எடுப்பது இரண்டிலும் உள்ள கெடுதல்களைச் சேர்த்து வாங்குவது. மேற்கு மாவட்டங்களில், போர் நிறைந்த வீட்டில், தைக் குட்டியே மேல்.

மார்கழிக் குட்டிக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் இறங்க வேண்டும். முதல் நாளில் மொத்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டரைக் கிலோக் குட்டிக்கு 250 மி.லி. தொப்புள்கொடிக்கு டிங்சர் அயோடின். கோணிச்சாக்கால் தேய்த்துத் துடைத்து, ராத்திரிக்குக் கொடாப்பில், அதாவது குட்டிகளை மூடும் கூடையில், விட்டு மேலே சாக்குப் போட்டால் குட்டிகளின் உடல் சூடே போதும். குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும்போது சில்லென்றிருந்தால் பால் புகட்டுவதற்கு முன் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பாலைப் புகட்டினால் நுரையீரலுக்குப் போகும்.

தலைகளைக் குறைப்பது

புரட்டாசியில் கறி விலை இறங்கும், தீபாவளிக்கு ஏறும். எனவே விற்க வேண்டிய கிடாய்க்குட்டி, பல் தேய்ந்த பெட்டை, இரண்டு முறை சினை நிற்காதவை, மடி கல்லானவை எல்லாவற்றையும் ஐப்பசித் தீபாவளிச் சந்தைக்குத் தயாராக்கிவிடலாம். 30இல் 5 குறைந்தால் 120 நாளில் 300 கிலோ உலர்தீனி மிச்சம். பொங்கல் விலைக்காகக் கிடாய்களை நிறுத்திவைப்பது, அவற்றைக் கொட்டிலில் கொழுக்கவைக்க முடிந்தால் மட்டுமே லாபம்; மழையில் மேய்த்து நிறுத்தினால் தீபாவளிக்கு இருந்த எடைகூடப் பொங்கலுக்கு இருக்காது.

எந்த வழியானாலும்

துள்ளுமாரி, நீலநாக்குத் தடுப்பூசிகள் மழைக்கு முன், ஆவணிக்குள். நீலநாக்கு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையோடுதான் தலைதூக்கும். உதடு வீங்கி, எச்சில் வடிந்து, கால் தாங்கி நடக்கும். ஐந்து வகை வைரசுக்கு எதிரான தடுப்பூசி கிடைக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். எதையும் ஒரே நாளில் போட்டு முடித்துவிடாமல், கால்நடை மருத்துவரிடம் கேட்டு இடைவெளி விட்டுப் போடுவது நல்லது.

குடற்புழு மருந்து புரட்டாசியில் மந்தை முழுவதற்கும் ஒருமுறை. அல்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மி.கி.; 30 கிலோ ஆட்டுக்கு இரண்டரைச் சத மருந்தில் 9 மி.லி. சினை பிடித்த முதல் ஐந்து வாரம் இந்த மருந்து ஆகாது. அதன்பின் மாதாமாதம் எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுக்களை நாமே வளர்த்தவர்களாவோம். இரண்டு வாரத்துக்கொரு முறை கீழிமையை இழுத்துப் பார்த்து, உட்பக்கம் வெளுத்ததற்கும் தாடைக்கடியில் நீர் கட்டியதற்கும் மட்டும் கொடுக்கலாம்.

குளம்புக்கு, 50 லிட்டர் நீரில் 5 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்து, குளம்பு மூழ்கும் ஆழத்தில் தொட்டியில் ஊற்றி, சேற்றை முதலில் வெறும் நீரில் கழுவியபின் பத்து நிமிடம் நிறுத்தி வைப்பது. வெளியே வந்ததும் அரை மணி நேரம் உலர்ந்த தரையில் நிற்க வேண்டும். நேரே சேற்றுக்கு விட்டால் மருந்து கழுவிப் போகும். மயில்துத்தமும் 5 சதக் கரைசலில் வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் அது தாமிரம். அதைப் பயன்படுத்தும் நாளில் ஆடுகளுக்கு வயிறார நல்ல தண்ணீர் காட்டிவிட்டே தொட்டிக்கு ஓட்ட வேண்டும், மீந்த கரைசலை மேய்ச்சல் தரையில் கொட்டக் கூடாது.